கன்சோல் எப்போது வாங்கலாம்? ஒரு கேம் கடைக்காரரின் கணக்கு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கேம் கடை வைத்திருப்பவனிடம், டிவியில் மாட்டி கேம் ஆடும் கன்சோலைப் பற்றி எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "இப்பவே வாங்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் போனா விலை இறங்குமா?" சில வருஷங்களுக்கு முன்புவரை இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வேன்: பொறுங்கள், இறங்கும். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பழைய பதிலை நம்பிக் காத்திருந்தவர்கள் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கிப்போனதை என் கடையிலேயே பார்த்துவிட்டேன். பிள்ளை ஆசைப்பட்டான் என்று மாதாமாதம் மிச்சம் பிடித்து வருகிறவர்களுக்கு ஐயாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய கணக்கு. சோனி கம்பெனியின் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) அமெரிக்காவில் 2000 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. 2002-ல் 199 டாலர், 2004-ல் 149, 2006-ல் 129, 2009-ல் 99. வருஷம் ஆக ஆக உள்ளே இருக்கும் சிப் சிறிதானது, இரண்டு சிப் ஒன்றானது, பெட்டியும் மெலிந்தது. செய்யும் செலவு குறைந்ததால் விற்கும் விலையும் குறைந்தது. முதல் வருஷம் ஆர்வக்கோளாறு உள்ளவர்கள் வாங்குவார்கள், மூன்றாம் வருஷம் நடுத்தரக் குடும்பம் வாங்கும், ஆறாம் வருஷம் எல்லோர் வீட்டிலும் இருக்கும். உலகம் முழுக்க 16 கோடி பிஎஸ்2 விற்றது இந்தப் படிக்கட்டில் இறங்கி இறங்கித்தான்.

ஆனால் நம் தெருவில் பிஎஸ்2 விற்றதற்குக் கன்சோல் விலை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, காப்பி டிஸ்க் ஓடுவதற்காகத் தனியாகச் சிப் போட்ட கன்சோலும் பர்மா பஜார் காப்பி டிஸ்க்கும். நான் கடைப் பையனாக இருந்த காலம் அது. கன்சோலை ஒருமுறை வாங்கிவிட்டால் அப்புறம் கேமுக்குச் செலவே இல்லாத மாதிரி. பிஎஸ்3 வந்ததும் அது நின்றுபோனது. 2007 ஏப்ரலில் இந்தியாவில் அதன் விலை ரூ.39,990. ப்ளூ-ரே டிஸ்க், ஒரிஜினல்தான் ஓடும். அன்றைக்குப் பலர் கன்சோல் விலையைக் கேட்டுத் திரும்பிப் போகவில்லை. ஒரு டிஸ்க் விலையைக் கேட்டுத்தான் திரும்பிப் போனார்கள். அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இதுதான்: நம் ஊரில் ஒரு கன்சோல் விற்குமா விற்காதா என்பதைப் பெட்டி விலையைவிட, அதில் ஒரு கேம் ஆட ஆகும் செலவுதான் தீர்மானிக்கிறது. பழைய டிஸ்க் வாங்கி விற்கும் வியாபாரம் எங்கள் கடைகளில் வளர்ந்ததும் அதனால்தான்.

இப்போது பிஎஸ்5-க்கு வருவோம். இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி வந்தது. டிஸ்க் மாடல் ரூ.49,990, டிஸ்க் போட முடியாத, கேமை ஆன்லைனில் மட்டும் வாங்கும் டிஜிட்டல் மாடல் ரூ.39,990. பழைய வழக்கப்படி பார்த்தால் 2023 வாக்கில் நாற்பதுக்கு இறங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2022 நவம்பரில் ரூ.54,990 ஆனது, டிஜிட்டல் ரூ.44,990. அதற்கு முன்பே, 2022 ஆகஸ்டில், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பிரிட்டனிலும் ஏற்றிவிட்டார்கள். அமெரிக்காவை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் அங்கேயும் 499 டாலர் 549 ஆனது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அமெரிக்காவில் 2025 மே மாதம் 499-லிருந்து 599 டாலர், அதே வருஷம் அக்டோபரில் 649. ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனியுடைய ஸ்விட்ச் 2017-ல் 299 டாலருக்கு வந்தது; எட்டு வருஷம் கழித்து, அடுத்த மாடல் வந்து உட்கார்ந்த பிறகு, அந்தப் பழைய ஸ்விட்ச்சின் விலையை 339 ஆக ஏற்றினார்கள். எட்டு வயசான கன்சோலுக்கு விலை ஏறியதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

காரணம் பல. சிப்பைச் சிறிதாக்கினால் செலவு பாதியாகும் என்ற காலம் முடிந்துவிட்டது. புதிய தொழில்நுட்பத்தில் செய்யும் சிப் முன்பு மாதிரி மலிவாவதில்லை. டாலருக்கு எதிராக யென்னும் ரூபாயும் சரிந்தன. அமெரிக்காவில் இறக்குமதி வரி ஏறியது. மெமரி சிப்புகளை ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து மெமரி விலையும் தாறுமாறாக ஏறியிருக்கிறது. இதில் எதுவும் அடுத்த தீபாவளிக்குள் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் நம் நாட்டு வரி. இதை ஒருமுறை தாளில் போட்டுக் காட்டினால்தான் புரிகிறது. துறைமுகத்தில் 100 ரூபாய் மதிப்பில் ஒரு கன்சோல் வந்து இறங்குகிறது என்று வையுங்கள். சுங்க வரி 20 சதவீதம். 2018 பட்ஜெட்டில்தான் இது 10-லிருந்து 20 ஆனது. அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 2 ரூபாய். ஆக 122. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கிட்டத்தட்ட 144 ரூபாய். (ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து 2019 ஜனவரியில் குறைந்தது. அந்தக் குறைப்பு வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு 156.) கடைக்காரர்கள் கொள்ளையடிக்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவேன். சீல் உடைக்காத புதுக் கன்சோலில் எங்களுக்கு நிற்பது சொற்பம். எங்களை வாழவைப்பது டிஸ்க்கும் கன்ட்ரோலரும் சர்வீஸும்தான்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். பிஎஸ்4 2014 ஜனவரியில் இங்கே ரூ.39,990-க்கு வந்தபோது அமெரிக்காவில் 399 டாலர். அன்றைய மதிப்பில் ரூ.25,000-கூட இல்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிறவர்களிடம் சொல்லி வாங்கினால் நல்ல லாபம். பிஎஸ்5 வந்தபோது 499 டாலர் என்பது சுமார் ரூ.36,500, இங்கே ரூ.49,990. வித்தியாசம் முன்பைவிட விகிதத்தில் குறைவு. அதனால் "வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவருவார்" என்ற திட்டம் இப்போது முன்பு மாதிரி லாபமில்லை. சுங்கத்தில் மாட்டினால் கையைக் கடிக்கும். இங்கே வாரண்டி கேட்டாலும் பதில் இருக்காது.

2021-ல் நடந்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை என்றால் என்ன என்பதை அந்த வருஷம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அறிவித்த விலை ரூ.49,990. ஆனால் அந்த விலைக்குக் கன்சோல் இல்லை. முன்பதிவு திறந்த சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும். மறுநாளே விளம்பரத் தளங்களில் அதே கன்சோல் எழுபதாயிரத்துக்கும் மேலே தொங்கும். சில கடைகள் பெட்டியை மட்டும் தரமாட்டார்கள். இரண்டு கேம், ஒரு கூடுதல் கன்ட்ரோலர், ஒரு ஹெட்செட் சேர்த்துத்தான் என்பார்கள். தனியாகப் பார்த்தால் எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் வாங்குகிறவர் வேண்டாத பொருளுக்கும் காசு கொடுத்திருப்பார்.

"இவ்வளவு டிமாண்ட் இருக்கே, கம்பெனியே விலையை அறுபதாயிரம் ஆக்கியிருக்கலாமே?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. கன்சோல் கம்பெனிக்குப் பெட்டியில் வருமானம் குறைவு. பிஎஸ்3 வந்த புதிதில் 60 ஜிபி மாடல் ஒன்றைச் செய்ய 840 டாலர் ஆகிறது என்று ஐசப்ளை ஆய்வு நிறுவனம் பிரித்துப் பார்த்துக் கணக்குச் சொன்னது. விற்ற விலை 599. எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களை லாபத்துக்கு விற்றதே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி 2021-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அவர்களுடைய கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் சுமார் 30 சதவீதம் அவர்களுக்கு வரும், சந்தாவும் வரும். அதனால் வீடு வீடாகப் பெட்டி போய்ச்சேர வேண்டும் என்பதுதான் அவர்கள் குறி. தட்டுப்பாட்டில் விலையை ஏற்றினால் பணக்காரர்களிடம் மட்டும் பெட்டி போகும், பெயரும் கெடும். அப்படி அவர்கள் ஏற்றாமல் விட்ட அந்த இடைவெளியைத்தான் இடையில் இருப்பவர்கள் பையில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு இது கோபமூட்டிய விஷயம். எட்டாயிரம், பத்தாயிரம் கூடக் கொடுத்தாவது பிள்ளை பிறந்தநாளுக்கு வேண்டும் என்று வந்தவர்களிடம், "சார், இந்த விலைக்கு வாங்காதீங்க, ரெண்டு மாசம் பழைய பிஎஸ்4 ஓட்டட்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தட்டுப்பாட்டில் கொடுக்கும் கூடுதல் பணம் மட்டும் எந்தக் காலத்திலும் திரும்பி வராது. விற்கப்போகும்போது அறிவித்த விலையிலிருந்துதான் பேரம் ஆரம்பிக்கும்.

இந்த இடைவெளியை நின்டெண்டோ 2025-ல் கையாண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஸ்விட்ச் 2-க்கு ஜப்பானில் தங்கள் கடையில் குலுக்கல் வைத்தார்கள். பழைய ஸ்விட்ச்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும், ஒரு வருஷமாவது ஆன்லைன் சந்தா இருந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். வாங்கி மறுவிலைக்கு விற்பவனிடம் விளையாடிய மணிக்கணக்கு இருக்காது, அவ்வளவுதான் சூட்சுமம்.

விலை இறங்கவே இறங்காதா என்றால், இறங்கும், யாரும் வாங்காதபோது. நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249 டாலருக்கு வந்தது. விற்பனை படுத்துவிட்டது. ஆகஸ்டிலேயே 169 ஆக்கினார்கள். அப்போதைய தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். முன்னமே முழு விலை கொடுத்தவர்களுக்கு 20 பழைய கேம்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். இறங்குவதற்கு இன்னொரு காரணம், புது மாடலுக்கு இடம் விடுவது. இந்தியாவில் 2023 ஜூலை கடைசியில் பிஎஸ்5-க்கு ரூ.7,500 தள்ளுபடி அறிவித்து ரூ.47,490-க்குக் கொடுத்தார்கள். வந்த அன்றைய விலையைவிடக் குறைவு. அந்த இரண்டு வாரம் எங்கள் தெருவில் நல்ல கூட்டம். அக்டோபரில் மெலிந்த பிஎஸ்5-ஆன ஸ்லிம் மாடலை அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் அது இங்கே வந்தபோது விலை மறுபடி ரூ.54,990. அதனால் நான் சொல்வது: நிரந்தர விலைக்குறைப்புக்காகக் காத்திருக்காதீர்கள், குறுகிய காலத் தள்ளுபடிக்காகக் காத்திருங்கள். பணத்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு காத்திருங்கள். "பழைய மாடல்தானே" என்று தயங்க வேண்டாம், ஸ்லிம்மிலும் பழசிலும் ஓடுவது ஒரே கேம், ஒரே தரத்தில்.

சரி, டிஸ்க்கா டிஜிட்டலா? என் கடையில் அதிக நேரம் பேசுவது இதைத்தான். ஒருமுறை வங்கியில் வேலை செய்யும் ஒருவர் மகனோடு வந்தார்.

"தம்பி, டிஸ்க் இல்லாததுல பத்தாயிரம் கம்மியாமே. அதையே எடுத்துடலாமா?"

"எடுக்கலாம் சார். பையன் என்ன கேம் ஆடுவான்?"

பையன் ஒரு பட்டியலே சொன்னான். எல்லாம் கதையோடு போகிற பெரிய கேம்கள், ஒருமுறை முடித்துவிட்டால் திரும்பத் தொடமாட்டார்கள்.

"சார், புது கேம் ஒண்ணு ரூ.4,999. டிஸ்க்கா வாங்கி மூணு வாரத்துல முடிச்சுக் கொண்டுவந்தா நானே மூவாயிரத்து ஐநூறு பக்கம் எடுத்துக்குவேன். அவனுக்கு ஆன செலவு ஆயிரத்து ஐநூறு. ஆன்லைன்ல வாங்கினா அதே ரூ.4,999, ஆனா திரும்ப விக்க முடியாது. மூணு கேம்லயே அந்தப் பத்தாயிரம் வந்துடும்."

அவர் அங்கேயே போனில் கூட்டிப் பார்த்துவிட்டு டிஸ்க் மாடலை எடுத்துக்கொண்டார். ஆனால் எல்லோருக்கும் இதே பதில் இல்லை. வருஷம் முழுக்க ஒரே ஒரு ஃபுட்பால் கேமையோ, இலவசமாகக் கிடைக்கும் ஆன்லைன் கேமையோ ஆடுகிறவருக்கு டிஸ்க் டிரைவ் தண்டம். கேம் வந்து ஒரு வருஷம் பொறுத்து, ஆன்லைன் தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்கும் பொறுமைசாலிக்கும் டிஜிட்டல் போதும். கடையில் டிஸ்க் விற்கிறவன் இதைச் சொல்லக்கூடாது, ஆனாலும் உண்மை அதுதான். ஸ்லிம் மாடலில் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்றாலும் அமெரிக்காவிலேயே அது 80 டாலர், முதல்முறை மாட்டும்போது இன்டர்நெட் இணைப்பும் வேண்டும்.

டிஸ்க் விற்பதிலும் நேரம் இருக்கிறது. கதை கேம் டிஸ்க் முதல் இரண்டு மாதம் விலை நிற்கும், அதற்குப் பிறகு ஆன்லைன் தள்ளுபடி வந்த அன்றே சரியும். ஃபுட்பால் கேம் ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் புதுசு வரும். ஜூலை மாதம் கொண்டுவந்தால் நல்ல விலை தருவேன். அக்டோபரில் அதே டிஸ்க்கை வாங்கிக்கொள்ளவே யோசிப்பேன். எக்ஸ்பாக்ஸ் வாங்குகிறவர்கள் நம் ஊரில் பழைய டிஸ்க்கை எதிர்பார்க்க வேண்டாம், கைமாறும் டிஸ்க் மிகவும் குறைவு. அதில், காசு கட்டும் வரை பல கேம்களை ஆடவிடும் கேம் பாஸ் சந்தாதான் ஈர்ப்பு. ஆனால் அதன் உயர்ந்த வகையான அல்டிமேட் சந்தா 2025 அக்டோபரில் மாதம் ரூ.829-லிருந்து ரூ.1,389 ஆனது. அந்த விலையில் வருஷத்துக்குப் பதினாறாயிரத்துக்கும் மேல். பெட்டி வாங்கும் முன்பே இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று, "பிரைமரி அக்கவுண்ட், செகண்டரி அக்கவுண்ட்" என்று ஆயிரம், ஆயிரத்து ஐநூறுக்குப் புது கேம் விற்பவர்கள் இணையத்தில் நிறைய. அடுத்தவர் கணக்கில் இருக்கும் கேமுக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அவர் பாஸ்வேர்டை மாற்றினால் போச்சு. நான் அதை விற்பதில்லை.

நின்டெண்டோ வேண்டுமென்றால் இங்கே கிரே மார்க்கெட்தான், அதாவது மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்பது; அந்தக் கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இதில் புதிதாக ஒரு பொறி வந்திருக்கிறது. ஸ்விட்ச் 2 ஜப்பானில் இரண்டு விதமாக விற்கிறது: 2025-ல் வந்தபோது ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், பல மொழி உள்ளது 69,980 யென். உள்நாட்டு மக்களுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும், அதே சமயம் அதை வாங்கி வெளிநாட்டில் விற்கவும் விடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பிஎஸ்5-லும் 2025 நவம்பரில் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள டிஜிட்டல் மாடலை 55,000 யென்னுக்கு விட்டார்கள். "ஜப்பான் பீஸ், விலை கம்மி" என்று யாராவது காட்டினால், கடையிலேயே ஆன் செய்து மொழி அமைப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் இல்லையென்றால் வாங்காதீர்கள், அப்புறம் மாற்ற வழியே கிடையாது. உங்கள் இந்தியக் கணக்கும் அதில் நுழையாது.

ஐம்பதாயிரம் முடியாதவர்களுக்குப் பழைய பிஎஸ்4 இன்றும் நல்ல வழி. பிஎஸ்5 விலை ஏறிய ஒவ்வொரு முறையும் என்னிடம் பிஎஸ்4 கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள், அதனால் அதன் விலையும் எதிர்பார்த்த அளவு விழவில்லை. வாங்கும்போது படம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். டிஸ்க் போட்டு ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஃபேன் ஜெட் மாதிரி இரைந்தால் உள்ளே தூசியும், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயும் இருக்கிறது. சர்வீஸ் செலவைக் குறைத்துக் கேட்கலாம். எச்டிஎம்ஐ கேபிளை மெதுவாக அசைத்துப் பாருங்கள், படம் விட்டுவிட்டு வந்தால் போர்ட் ஆடுகிறது. கன்ட்ரோலரை மேசையில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். திரையில் ஆள் தானாக நகர்ந்தால் ஸ்டிக் போய்விட்டது. கடைசியாக உங்கள் கணக்கில் உள்ளே போய்ப் பாருங்கள். ஆன்லைனில் தடை செய்யப்பட்ட கன்சோல் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். இதற்கெல்லாம் நேரம் தராத கடையில் வாங்க வேண்டாம்.

இப்போது எல்லோரும் கேட்பது ஜிடிஏ 6 என்ற கேம். இரண்டு முறை தள்ளிப்போய் 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருக்கிறார்கள், பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும். பிஎஸ்4-ல் வராது. அந்த வருஷ தீபாவளி நவம்பர் 8. பண்டிகைக் கூட்டமும் கேம் கூட்டமும் ஒரே மாதத்தில் விழுகின்றன. அந்த நேரத்தில் கம்பெனி தள்ளுபடி கொடுக்க எந்தக் காரணமும் இல்லை, கடையில் ஸ்டாக் நிற்குமா என்பதே சந்தேகம். பிஎஸ்4-லிருந்து மாறப்போகிறவர்கள் நவம்பர் வரை இழுக்காமல், வருஷ நடுவில் வரும் ஆன்லைன் விற்பனைகளில் ஒன்றில், வங்கி அட்டைத் தள்ளுபடியோடு எடுத்துவிடுங்கள். உங்கள் பழைய பிஎஸ்4-ஐயும் அப்போதே விற்றுவிடுங்கள். நவம்பரில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள், என்னாலும் நல்ல விலை தர முடியாது. விற்கும் முன் கேம் சேமிப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, அப்புறம் உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். புதுக் கன்சோலின் பில்லை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள், பில் தாளில் உள்ள எழுத்து ஆறு மாதத்தில் அழிந்துவிடும்.